நிலா விசாவும் முந்தின மாப்பிள்ளையும்

சேந்தன் அந்த வருஷமும் நிலாவுக்கு விண்ணப்பம் போட்டிருந்தான். அது பதினோராவது தடவை.

குலுக்கல் முடிவு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்தது. அப்போது அவன் கோயமுத்தூர் கணபதியில் வெட் கிரைண்டர் கம்பெனியில், தரச் சோதனை மேஜையில் இருந்தான். மாதிரிக் கல்லிலிருந்து ஒரு நூல் வித்தியாசப்பட்டாலும் அந்தக் கல்லைத் தள்ளிவிடுவதுதான் அவன் வேலை. போன் அதிர்ந்தது. ‘வாழ்த்துகள்! வெண்ணகர் நிரந்தரக் குடியிருப்புக்கான பன்மைக் குலுக்கலில் தேர்வாகியிருக்கிறீர்கள்’ என்ற முதல் வரியைப் படித்ததும் எழுந்து நின்று கத்தினான். பக்கத்து மேஜைக்காரர்கள் ஓடி வந்து கை கொடுத்தார்கள். மேனேஜர் கட்டிப்பிடித்தார். யாரோ கேன்டீனுக்குப் போய் ஒரு தட்டு மைசூர்பாவோடு வந்தார்கள்.

இரண்டாவது மைசூர்பாவை வாயில் போட்டுக்கொண்டேதான் இரண்டாவது வரியைப் படித்தான்.

‘பெயர்: கோதை சேந்தன்.’

கோதை அவன் மனைவி. மாநகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் கசிவு பார்க்கிறவள். ஊரிலிருந்த எல்லாக் குழாயிலும் சென்சார் வைத்தாகிவிட்டது. ஆனாலும் சென்சார் ‘எல்லாம் சரி’ என்று சொல்லும் தெருவில் தண்ணீர் வராமல் போகும். அப்போதெல்லாம் கோதையைத்தான் கூப்பிடுவார்கள். அவள் ஒரு நீளமான இரும்புக் கம்பியை ரோட்டில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “இங்க தோண்டுங்க” என்பாள். தோண்டினால் தண்ணீர் பீறிடும்.

தம்பதியில் இருவரும் தனித்தனியாக விண்ணப்பிக்கலாம், யாருக்கு விழுந்தாலும் மற்றவரும் கூடப் போகலாம் என்று விதி. இரட்டை வாய்ப்பு ஆயிற்றே என்று இந்த வருஷம் முதல்முறையாக அவள் பேரிலும் ஒரு விண்ணப்பம் போட்டான் சேந்தன். அதற்கு, விண்ணப்பத்தோடு வீட்டுக்கு அனுப்பிவைக்கும் ஒரு தொப்பியைப் போட்டுக்கொள்ளவேண்டும். நிலாவில், வெண்ணகரில் ஏற்கெனவே இருக்கிறவர்கள் யோசிக்கிற விதத்திலிருந்து நம்முடைய யோசனை எவ்வளவு தள்ளிப் போகிறது என்று அந்தத் தொப்பி அளக்கும். அதற்கு விலகல் என்று பெயர். கேள்விகள் காதில் கேட்கும், பதிலை மனதில் நினைத்தால் போதும். வாயால் பொய் சொல்ல வழியில்லை. விலகல் நூற்றுக்கு அறுபதைத் தாண்டினால் மட்டுமே பெயர் குலுக்கலுக்குள் போகும். எவ்வளவு வந்தது என்பதைத் தேர்வானவர்களைத் தவிர யாருக்கும் சொல்லமாட்டார்கள்.

கோதை அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பொங்குவதற்குள் முடித்துவிட்டு எழுந்து போனாள்.

அவளுடைய விலகல் தொண்ணூற்று நான்கு.

* * *

சேந்தனுக்கு அது எப்படி என்று விளங்கவில்லை. அவன் எட்டு வருஷமாகக் காந்திபுரத்தில் ‘தனித்துவம் அகாடமி’க்குப் போகிறவன். வித்தியாசமாக யோசிக்கப் பயிற்சி தரும் இடம் அது. அகாடமி சொன்னபடி அவன் பாயசத்தை முதலிலும் சாம்பாரைக் கடைசியிலும் சாப்பிட்டான். மொட்டைமாடியில் பின்பக்கமாக நடந்தான். பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தான். அகாடமியில் இருந்த இருநூறு பேரும் அதையேதான் செய்தார்கள். அகாடமியின் சொந்தத் தொப்பி அவனுக்கு எண்பத்தெட்டு காட்டியிருந்தது.

அகாடமியை நடத்துகிற பேராசிரியர் விதுரன் கோதையை நேரில் பார்க்கவேண்டும் என்றார். சேந்தன் அழைத்துப்போனான்.

“ஒரே ஒரு கேள்வி கேக்கறேன் மேடம். அஞ்சு அந்நியர்களோட லிஃப்ட்ல போறீங்க. நடுவுல நின்னுடுது. முதல்ல என்ன பண்ணுவீங்க?”

“சார், இதுக்கு நம்ம பதில் பாட்டுப் பாடறதுதானே?” என்றான் சேந்தன்.

“நீங்க இருங்க. மேடம் சொல்லட்டும்.”

கோதை கொஞ்சம் யோசித்தாள். “யாருக்கு பாத்ரூம் அவசரம்னு கேப்பனுங்க.”

“ஏன்?”

“அதைத் தெரிஞ்சுக்கிட்டாத்தானே நமக்கு எவ்வளவு நேரம் இருக்குதுன்னு தெரியும்.”

விதுரன் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாளிலிருந்து அகாடமியில் இருநூறு பேரும் அந்தப் பதிலைச் சொல்லப் பழகினார்கள்.

நேர்முகத் தேர்வுக்கு இரண்டு அறைகள். முதல் அறையில் கல்யாணம் நிஜமானதா என்று பார்ப்பார்கள். புருஷனையும் பெண்டாட்டியையும் தனித்தனியாக உட்காரவைத்து ஒருவரைப் பற்றி மற்றவரிடம் இருபது கேள்விகள் கேட்பார்கள். குறைந்தது பதினாலு பதில் பொருந்தவேண்டும். இரண்டாவது அறையில் தேர்வானவருக்கு மட்டும் மறுபடி தொப்பி. கூட வருகிறவருக்குத் தொப்பி கிடையாது. படிவத்தில் அவருடைய பெயர் ‘இணைப்பு’ என்ற தலைப்பின் கீழ் இருக்கும்.

“பதினெட்டு வருஷக் கல்யாணம். முதல் அறைக்கு நீங்க தயாராகவே வேண்டாம்” என்றார் விதுரன். இருவருக்கும் அது சரியென்று பட்டது. பிள்ளைகள் இல்லாத வீடு. அதைப் பற்றி இருவரும் பேசி ஓய்ந்து பத்து வருஷம் ஆகிறது. ஒருவரையொருவர் தவிர அந்த வீட்டில் தெரிந்துகொள்ள வேறு யார் இருந்தார்கள்?

சேந்தனுக்கு உறுத்தியது அந்த ‘இணைப்பு’ ஒன்றுதான். படிவத்தை நாலைந்து தடவை எடுத்துப் பார்த்தான்.

* * *

வெண்ணகர்க் குடியேற்ற அலுவலகம் அவிநாசி ரோட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருந்தது. காத்திருக்கும் இடத்தில் அவர்களுக்குப் பக்கத்தில் கரூரிலிருந்து வந்த ஒரு இளம் ஜோடி. அந்தப் பெண்ணுக்குக் குலுக்கலில் விழுந்த பிறகு, நாலு மாசத்துக்கு முன்பு, புரோக்கர் வைத்து நடந்த கல்யாணம். கையில் ஒரு தடிமனான நோட்டு வைத்துக்கொண்டு மாறி மாறிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“என்ற பெரியம்மா பொண்ணு பேரு?”

“நிரஞ்சனா. இடது கால்ல மரு.”

“எனக்கு எந்தச் சத்தம் ஆகாது?”

“தெர்மாகோல் உரசற சத்தம்.”

சேந்தன் கோதையிடம் குனிந்து, “பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்கறாங்க பாரு” என்று சிரித்தான். கோதையும் சிரித்தாள்.

அதிகாரியின் பெயர் ஹல்டோரா. உயரமான, வெளுத்த பெண்மணி. வெண்ணகரில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்தவள். சட்டைக் காலரில் மொழிபெயர்ப்புக் கருவி ஒன்று மாட்டியிருந்தாள். அது பழைய பாடப்புத்தகங்களை வைத்துத் தமிழ் கற்றிருக்க வேண்டும்.

தனித்தனியாகக் கேட்டு முடித்தபின் இருவரையும் எதிரே உட்காரவைத்து, பதில்களைப் படித்தாள்.

“முதல் வினா. துணைவியார் காலையில் அருந்துவது யாது? தாங்கள் உரைத்தது, காப்பி. துணைவியார் உரைத்தது, காப்பியைக் கைவிட்டு ஏழாண்டுகள் ஆகின்றன, சுக்குத் தண்ணீர்.”

சேந்தன் திரும்பினான். “காலைல காப்பி போடறியே?”

“உங்களுக்குப் போடறனுங்க. நான் குடிக்கறதில்ல.”

“கணவர் விரும்பி உண்ணும் சிற்றுண்டி யாது? துணைவியார் உரைத்தது, ரவை உப்புமா. தாங்கள் உரைத்தது, உப்புமா நீங்கலாக எதுவாயினும்.”

இப்போது கோதை திரும்பினாள். “வாரத்துல மூணு நாள் சாப்பிடறீங்க! பதினெட்டு வருசமா!”

“நீ ஆசையாச் செய்யறேன்னு...”

“எனக்கும் உப்புமா ஆகாதுங்க. உங்களுக்குப் பிடிக்கும்னுதான் நானும் முழுங்கிட்டிருக்கேன்.”

“இருவரும் வெறுக்கும் உப்புமா” என்று ஹல்டோரா எழுதிக்கொண்டாள். “இதைப் பொருத்தமாகவே கொள்கிறேன்.”

அதற்கப்புறம் பொருந்தியவை அதிகமில்லை. கல்யாணத்தன்று மழை பெய்தது என்று ஒருவர், வெயில் கொளுத்தியது என்று ஒருவர். கோதையின் நெருங்கிய தோழி யார் என்ற கேள்விக்கு அவன் சொன்ன பெண் துபாய்க்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

“இறுதி வினா. துணைவியார் மிகவும் அஞ்சுவது எதற்கு? தாங்கள் உரைத்தது, பல்லி.”

“ஆமா. பல்லின்னா அலறுவாளே.”

“துணைவியார் உரைத்தது: நான் சொல்வதை ஒருவரும் கேட்காமல் போவது.”

பொருந்தியவற்றை எண்ணிக் கூட்டினாள்.

“இருபதுக்கு ஆறு” என்றாள் ஹல்டோரா. “வருந்துகிறேன். இத்திருமணத்தை மெய்யானது என்று எம்மால் ஏற்க இயலாது.”

“மேடம், போட்டோ ஆல்பம் இருக்கு. பத்திரிகை இருக்கு. ஆயிரம் பேர் சாப்பிட்டாங்க” என்றான் சேந்தன்.

“முன்னர் வந்த கரூர் இணையர் இருபதுக்கு இருபது.”

“அது விசாவுக்காகப் பண்ணின கல்யாணம்ங்க!”

“ஆயினும் அவர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள்.” பிறகு கோப்பைப் புரட்டினாள். “தாங்களும் பதினோரு முறை விண்ணப்பித்திருக்கிறீர்கள். தேர்வாகாதோருக்குக் கூறும் வழக்கமில்லை. எனினும் தங்கள் பதினெட்டாண்டு உப்புமாவை எண்ணி உரைக்கிறேன். தங்கள் பெயர் ஒருமுறையும் குலுக்கலுக்குள் செல்லவில்லை. விலகல் முப்பத்தொன்று. பதினோரு முறையும் முப்பத்தொன்று. இத்துணை அசையாத மனத்தை யாம் கண்டதில்லை.”

* * *

கோதை மட்டும் இரண்டாவது அறைக்குப் போனாள். தொப்பி மறுபடியும் தொண்ணூற்று நான்கு என்றது. ஹல்டோரா தொப்பியை எடுத்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“உங்க ஊருக்கு எதுக்குங்க என்னை மாதிரி ஆளு?” என்று கோதை கேட்டாள். “நல்லாப் படிச்சவங்க எத்தனை பேரு வரிசைல நிக்கறாங்க.”

“முதலில் படித்தவர்களை மட்டுமே எடுத்தோம். கடுமையான தேர்வு வைத்து நாலாயிரம் பேர். எல்லோரும் வல்லவர்கள். எட்டாம் ஆண்டில் ஒரு நாள் பெரிய நீர்த்தொட்டியின் கருவி ‘நிறைந்துள்ளது’ என்றது. குழாயில் நீர் வரவில்லை. நாலாயிரம் பேரும் குழாயைச் சோதித்தோம். மென்பொருளைச் சோதித்தோம். மூன்று நாள். ஒருவரும் தொட்டியைத் தட்டிப் பார்க்கவில்லை. கருவி நிறைந்துள்ளது என்றபின் தட்டுவானேன்? எல்லோரும் ஒன்றையே எண்ணினோம்.”

“தொட்டி காலியா?”

“காலி. பதினாறு பேரை இழந்தோம். அதன்பின்தான் இந்தக் குலுக்கல்.”

கோதை மேஜையை விரலால் ஒருமுறை தட்டினாள். பிறகு, “தட்டினாலே சத்தத்துல தெரிஞ்சிருக்குமேங்க” என்றாள்.

“அதனால்தான் அழைக்கிறோம்” என்றாள் ஹல்டோரா.

வெளியே வந்தபோது கோதையின் முகத்தில் இருந்ததைச் சேந்தன் அதற்கு முன்பு பார்த்ததில்லை. கல்யாணமான புதிதிலிருந்து அவன் வீட்டில் எல்லோரும் அவளை ஏடாகூடம் என்பார்கள். அவனும் சொல்லியிருக்கிறான். ஆபீசில் இன்ஜினியர்கள் கசிவைக் கண்டுபிடித்தது சென்சார் என்றுதான் ரிப்போர்ட் எழுதுவார்கள்.

“எனக்குப் போகோணுமுங்க” என்றாள்.

“நான்?”

அதற்குப் பதிலாக அவள் கையிலிருந்த காகிதத்தைக் காட்டினாள். வெண்ணகர்ச் சட்டப்படி அவள் இப்போது மணமாகாதவள். தேர்வானவர், விண்கலம் ஏறுமுன் இதே அலுவலகத்தின் மூன்றாவது கவுன்டரில், விரும்பிய யாரையும் மணந்துகொள்ளலாம். அப்படி வருகிற புதுத் துணைக்கு முதல் அறையில் கடைசித் தொண்ணூறு நாட்களைப் பற்றி மட்டும் கேள்வி. ஆனால் தொப்பியும் உண்டு. அதிலும் அறுபதைத் தாண்டவேண்டும்.

ஆக, இந்தியச் சட்டப்படி அவர்கள் கணவன் மனைவி. வெண்ணகர்ச் சட்டப்படி முன்பின் தெரியாதவர்கள். ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்கள்.

* * *

கோதையின் பெயர் ‘தேர்வானவர், மணமாகாதவர்’ என்று வெண்ணகர்ப் பட்டியலில் வெளியான மூன்றாம் நாளிலிருந்து வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் இரண்டு புரோக்கர்கள். அப்புறம் பொள்ளாச்சியிலிருந்து ஒரு விவாகரத்தான வக்கீல். அப்புறம் சேலத்திலிருந்து ஒரு பல் டாக்டர், அம்மா, அப்பா, அத்தை, தாம்பாளம் நிறையப் பழத்தோடு.

கதவைத் திறந்தது சேந்தன்தான். உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தான்.

“பொண்ணு வெளிய போயிருக்குதுங்களா?” என்று டாக்டரின் அத்தை கேட்டாள்.

“ராமநாதபுரத்துல குழாய் உடைஞ்சிருக்கு. வந்துருவா.”

“வேலைக்குப் போற பொண்ணு. நல்லது. நீங்க பொண்ணுக்கு என்ன உறவுங்க?”

சேந்தன் டம்ளர்களை எடுத்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தான். “முந்தின மாப்பிள்ளை.”

அத்தை தலையை ஆட்டினாள். “பெரிய மனசுங்க உங்களுக்கு.” பல் டாக்டர் எழுந்து கை குலுக்கினான். “சார், அவங்களுக்கு என்ன பிடிக்கும், பிடிக்காதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். கொஞ்சம் சொன்னீங்கன்னா தேர்வுக்கு உதவியா இருக்கும்.”

சேந்தன் டம்ளர்களைக் கீழே வைத்தான். “சுக்குத் தண்ணி குடிப்பா” என்றான். அதுவும் அவனுக்குத் தெரிந்து பத்து நாள்தான் ஆகிறது.

அவர்கள் போனபிறகு அவன் தாம்பாளத்து ஆப்பிள்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோதை வந்தாள். அவன் உள்ளே போய், இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டு வெளியே போனான். கதவைச் சாத்தினான். பிறகு காலிங் பெல்லை அடித்தான்.

கோதை திறந்தாள்.

“கோதைங்களா? என்ற பேரு சேந்தன். கணபதில கிரைண்டர் கம்பெனில இருக்கேன். விஷயமா வந்தேன்.”

அவள் சிரிப்பாள் என்று நினைத்திருந்தான். சிரிக்கவில்லை. “வாங்க. உக்காருங்க” என்றாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எதிரில் உட்கார்ந்தாள்.

“சொந்தமா ஒரு கேள்வி கேக்கோணும்” என்றாள். “முன்னெல்லாம் என்னை யாரும் கேக்க விடலை. எங்கப்பாவும் உங்கப்பாவும் பேசினாங்க, நான் காப்பி கொண்டாந்தேன், முடிஞ்சுது.”

“கேளு. கேளுங்க.”

“எதுக்கு என்னைக் கட்டிக்கோணும்? நிலாவுக்கா?”

சேந்தன் தண்ணீரைக் குடித்து முடித்தான். “பதினோரு வருசமா நிலா நிலான்னு திரிஞ்சவன் நான். இப்ப இல்லைன்னு சொன்னா நீ நம்ப மாட்டே. எப்படியும் தேர்வுக்குத் தொண்ணூறு நாள் ஆகோணும். பாத்துட்டு அப்புறம் சொல்லு. வேண்டாம்னா அந்தப் பல் டாக்டரு நல்ல பையனாத்தான் தெரியறான்.”

“ஆப்பிள் நல்லா இருக்குதுங்களா?”

“மாவா இருக்கு.”

“அப்ப நீங்களே வாங்க” என்றாள். “காலைல ஆறு மணிக்கு. என்ற கூட வேலைக்கு.”

* * *

அந்தத் தொண்ணூறு நாளும் சேந்தன் கம்பெனிக்குப் பதினோரு மணிக்குத்தான் போனான். காலையில் கோதையின் கம்பியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தான். சாய்பாபா காலனியில், உக்கடத்தில், சிங்காநல்லூரில். தெருவுக்குத் தெரு அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவளுடைய நெருங்கிய தோழி, ரோடு தோண்டும் மிஷின் ஓட்டுகிற ஃபாத்திமா என்பது தெரிந்தது. ஃபாத்திமா அவனை மேலும் கீழும் பார்த்து, “இவருதானா அது?” என்றாள். அது என்ன அது என்று அவன் கேட்கவில்லை.

ஒருநாள் கோதை கம்பியை அவனிடம் கொடுத்தாள். அவன் மண்டி போட்டுக் காதை வைத்தான்.

“கேக்குதுங்களா?”

“திக் திக்னு ஏதோ கேக்குது! கசிவுதானே?”

“அது உங்க நெஞ்சுங்க.”

அவன் வெட்கப்பட்டுப் போனான். அவள் ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அவள் சிரிக்கும்போது முதலில் தோள்தான் குலுங்கும், சத்தம் அப்புறம்தான் வரும் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தான்.

உப்புமா நின்றுபோனது. இருவரும் அந்த மூன்று நாளைக்கு என்ன செய்வது என்று பெரிதாக விவாதித்து, அடைக்கு வந்து சேர்ந்தார்கள். அகாடமிக்கு ஒரே ஒரு நாள் போனான். இருநூறு பேரும் பாத்ரூம் பதிலைக் கோரஸாகச் சொல்வதைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டான். அறுபதைத் தாண்ட வேறு வழி எதுவும் அவனுக்குத் தெரியவில்லை.

வெண்ணகரைப் பற்றிய படங்களைக் கோதை இப்போதுதான் முதல்தடவையாகப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். சேந்தன் எல்லாவற்றையும் ஏற்கெனவே மனப்பாடமாகப் பார்த்தவன். இப்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது வேறு விஷயங்கள் கண்ணில் பட்டன. அங்கே தெரு கிடையாது, நடைபாதைக் குகைதான். காற்று அடிக்காது. யாரும் யாரையும் தூரத்திலிருந்து சத்தம் போட்டுக் கூப்பிடமாட்டார்கள். குளிக்க ஒரு ஈரத்துணி. இத்தனை வருஷமாக இதற்கா ஆசைப்பட்டோம் என்று யோசித்தான். யோசிக்க யோசிக்க, தான் ஆசைப்பட்டது நிலாவுக்கு இல்லை, யாராவது தன்னைத் தேர்ந்தெடுக்க மாட்டார்களா என்பதற்குத்தான் என்று தோன்றியது. எழுபதாம் நாள் வாக்கில் அவனுக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது. நிலா வேண்டாம்.

ஆனால் கோதை நீர்த்தொட்டிகளின் வரைபடங்களைச் சுவரில் ஒட்டியிருந்தாள். ஹல்டோராவுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினாள். அங்கேயிருந்து பதில் வந்தது, “தாங்கள் கூறியபடி தட்டிப் பார்த்தோம். இரண்டாம் தொட்டியில் விரிசல் இருந்தது. நன்றி” என்று. அதை அவள் அடுத்த வீட்டுக்கும் படித்துக்காட்டினாள். தனக்கு நிலா வேண்டாம் என்பதை அவன் அவளிடம் சொல்லவில்லை.

எண்பத்தெட்டாம் நாள், அடை தின்றுகொண்டிருக்கும்போது, “சரிங்க” என்றாள் கோதை.

“என்ன சரி?”

“வந்தீங்கல்ல விஷயமா. அதுக்குத்தான். சரி.”

* * *

மூன்றாவது கவுன்டரில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் முடிந்தது. ஃபாத்திமா சாட்சி. முதல் அறையில் இருபதுக்குப் பத்தொன்பது. தப்பிய ஒன்றும் ஒரு சினிமாவின் பெயர் பற்றிய தகராறு.

பிறகு சேந்தன் தொப்பி போட்டுக்கொண்டான். கேள்விகள் ஓடின. எதற்கும் அவன் தயாராக இல்லை. மனசுக்கு வந்தது வந்தபடி போனது. கடைசிக் கேள்வி காதில் விழுந்தது: வெண்ணகரில் நிரந்தரமாக வசிக்க ஏன் விரும்புகிறீர்கள்?

பதினோரு வருஷமாகத் தயார் செய்து வைத்திருந்த பதிலைத் தேடினான். அகப்படவில்லை. ‘விரும்பலை. இங்கயே இருக்கத்தான் ஆசை. அவ போறா. அவ இல்லாத வீட்டுல இருக்கறத விட அவ இருக்கற குகைல இருக்கலாம்’ என்று மனம் சொல்லிவிட்டது. திரும்பப் பெற வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டான்.

ஹல்டோரா திரையைப் பார்த்தாள். கருவி கோளாறோ என்று ஒருமுறை தட்டிப் பார்த்தாள். தட்டிப் பார்க்கும் பழக்கம் அவளுக்கும் இப்போது வந்திருந்தது.

“தொண்ணூற்று ஐந்து.”

“என்னது?”

“மற்ற வினாக்களில் தாங்கள் சாமானியர். இறுதி வினாவுக்கு எடை அதிகம். இத்தொப்பியை அணிந்த அனைவரும் அதற்கு ‘விரும்புகிறேன், ஏனெனில்’ என்றே தொடங்கினர். விரும்பவில்லை என்றவர் தாங்கள் ஒருவரே.”

“அப்ப என்னை எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்க? வேண்டாம்கறவனை?”

ஹல்டோரா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டாள். “எங்கள் ஊரில் உள்ளோர் எல்லோரும் வரவேண்டும் என்று துடித்து வந்தவர்கள். நானும் அவ்வாறே. அங்கு ஏதேனும் சரியில்லை எனில் அதைச் சொல்ல எங்களுக்கு நா எழுவதில்லை. தாங்கள் குறை கூறுவீர்கள் அல்லவா?”

“நிறையா.”

“நன்று.” முத்திரை குத்தினாள். “துணையாக வருபவரின் கடிதத்தில் எண் இராது, தேர்ச்சி என்று மட்டுமே இருக்கும். ஒரு எச்சரிக்கை. அங்கு வந்தபின் தங்களுக்கு அவ்விடம் பிடித்துப்போனால் விலகல் வீழ்ந்துவிடும். அஞ்ச வேண்டா. அதற்காக ஒருவரையும் திருப்பி அனுப்புவதில்லை.”

வெளியே கோதை நின்றுகொண்டே இருந்தாள். பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தது. அவன் முகத்தைப் பார்த்து அவளுக்கு ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

“எவ்வளவுங்க?”

பதினோரு வருஷமாக அவன் யாரிடமாவது சொல்லவேண்டும் என்று காத்திருந்த மாதிரி ஒரு எண். அவளுடையதைவிட ஒன்று கூட. சொன்னால் எப்படி வந்தது என்று கேட்பாள். எப்படி வந்தது என்று தெரிந்தால் சுவரில் ஒட்டியிருக்கும் வரைபடங்களை இன்றைக்கே கழற்றிவிடுவாள்.

“அறுபத்தொண்ணு” என்றான்.

கோதை நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “ஐயோ. ஒத்த மார்க்குல பொழச்சிருக்கீங்க! சரி விடுங்க, பாஸ் பாஸ்தான். அங்க போயி ஏதாச்சும் புரியலைன்னா என்னக் கேளுங்க. நான் சொல்றேன்.”

“கேக்கறேன்” என்றான் சேந்தன்.

ஃபாத்திமா வேலை இருக்கிறது என்று போய்விட்டாள். இருவரும் பஸ் ஏறினார்கள். ஜன்னலோர சீட்டில் அவன் முந்திக்கொண்டு உட்கார்ந்தான். கோதை அவன் பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கு எதைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்று விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள். கம்பியை ஃபாத்திமாவுக்கு, கிரைண்டரை எதிர்வீட்டுக்கு. பீளமேடு தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஷட்டரை இறக்கினார்கள். சேந்தன் இறக்கவில்லை. கையை வெளியே நீட்டி வைத்துக்கொண்டிருந்தான்.

“நனையுதுங்க. கைய உள்ள எடுங்க” என்றாள் கோதை.

“சித்த இருக்கட்டும்” என்றான்.